ஒரு கண் மூடிய பொம்மை

கன்னியம்மாள் அருவருப்புக்காரி. மண்ணூர்பேட்டையில் அவளைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். அடுத்த வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஈ உட்கார்ந்த வெல்லத்தை வாங்கமாட்டாள். வாய்க்காலில் துணி துவைக்கப் போனால், மேல்புறம் யார் நின்று என்ன அலசுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பாள். அப்படிப்பட்டவள் ஆவடி ராணுவ முகாமில் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் வீட்டுக்கு ஆயாவாகப் போனாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. யுத்தம் தொடங்கியதற்கு அடுத்த கோடையில் வந்த பெரியம்மை அவள் புருஷன் ஆனந்தனையும் மூத்த பையனையும் கொண்டுபோயிற்று. மிஞ்சியது கைக்குழந்தை வசந்தா. அவளுக்கும் கண்டது. முத்துகள் உதிர்ந்து எழுந்தபோது இடது கண் மூடியது மூடியபடியே போயிருந்தது. ஆனந்தன் குத்தகைக்குப் பயிரிட்ட நிலம் வேறு கைக்கு மாறியது. அவனுடைய தம்பி லோகநாதன் சேற்றில் இறங்குகிறவன் அல்ல. ஆவடியில் கூடாரங்களும் தகரக் கொட்டகைகளும் எழும்பத் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் பட்லராகிவிட்டான். யுத்தம் முடிந்து, கப்பல்கள் மறுபடி குடும்பங்களை ஏற்றி வந்தபோது, கேப்டன் மெரிடித்தின் மனைவியும் நான்கு வயதுப் பையனும் சீமையிலிருந்து வந்து இறங்கினார்கள். பையனுக்கு ஆயா வேண்டுமென்றார்கள். லோகநாதன் அண்ணியைக் கைகாட்டினான்.

"சுத்தம் சுத்தம்னு சாவறியே அண்ணி. அங்க சுத்தத்துக்குத்தான் சம்பளமே குடுக்கிறாங்க" என்றான்.

அந்தச் சுத்தத்தை அவள் போன முதல் நாளே பார்த்தாள். பெரிய தகரத் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, அதற்குள்ளேயே உட்கார்ந்து, தேய்த்த அழுக்கு மிதக்கும் தண்ணீரிலேயே முகமும் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்கள். பையன் குளித்த தண்ணீரில் துரைசாணியும் குளித்த நாள் உண்டு. மூக்கைச் சிந்திய துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். படுக்கையறையில் கட்டிலுக்குக் கீழே பீங்கான் சட்டி இருந்தது. அதைக் காலையில் எடுத்துக் கொட்டுவதற்குத் தோட்டி வர நேரமானால் அந்த நாற்றத்துக்குப் பக்கத்திலேயே டீ குடித்தார்கள். கன்னியம்மாள் பின்கட்டில் தனக்கென்று தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். அந்த வீட்டு டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. சாயங்காலம் தன் அறைக்கு வந்ததும் புளியையும் சாம்பலையும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள்.

பையனிடம் மட்டும் இது நடக்கவில்லை. அவன் பெயர் ராபின். வெயிலில் சிவந்து, கொசுக்கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, எந்நேரமும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தான். பூந்தமல்லி போகும் வழியில் ஒருமுறை காரிலேயே அவள் மடியில் வாந்தி எடுத்தான். கையால் ஏந்தி வெளியே எறிந்துவிட்டு, அவன் வாயைத் துடைத்துவிட்டாள். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தனக்குக் குமட்டவில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேப்டன் காரை எடுப்பார். அவர் ஓட்ட, பக்கத்தில் லோகநாதன் வழி சொல்ல உட்காருவான். பின்னால் துரைசாணி, பையன், கன்னியம்மாள். கோயில், குளம், சந்தை, இடிந்த சுவர் என்று எது கண்ணில் பட்டாலும் இறங்கிப் பார்ப்பார்கள். லோகநாதன் எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தான். திருமழிசைப் பக்கம் வயல் வரப்பில் சாய்ந்துகிடந்த ஒரு மைல்கல்லை ராஜாவின் சமாதி என்றான். துரைசாணி அதன் அருகே பையனை நிறுத்திப் போட்டோ பிடித்தாள். பின்பு எதையாவது வாங்குவார்கள். துரைசாணிக்குப் புதிய சாமான் பிடிக்காது. கை பட்டுத் தேய்ந்த பாக்குவெட்டி, நெளிந்த அளவுப்படி, கரிபடிந்த அகல், பூட்டு, தண்ணீர் இறைக்கும் ஏற்றச் சால், எதுவானாலும் பழையதாக இருக்க வேண்டும்.

இந்த விஷயம் பரவ நாளாகவில்லை. காரைக் கண்டதும் பூந்தமல்லிச் சாலையில் வீடுகளுக்குள் ஓடுவார்கள். கையில் கிடைத்ததோடு வெளியே வருவார்கள். ஒருவன் வண்டியை நிறுத்தி, மாட்டின் கழுத்திலிருந்த மணியை அவிழ்த்து நீட்டினான். துரைசாணி வாங்கிக்கொண்டாள். மாடு ஓசையில்லாமல் வண்டியை இழுத்துக்கொண்டு போயிற்று. இன்னொருத்தி, பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடிக்கிற சின்ன உரலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே மிளகும் திப்பிலியும் ஒட்டியபடியே இருந்தன. யாரோ ஒரு பச்சை உடம்புக்காரிக்கு இடித்துக்கொண்டிருந்ததைக் கொட்டிவிட்டு எடுத்து வந்திருக்கிறாள். வாங்குகிற துரைசாணியைப் பார்க்கும்போது கன்னியம்மாளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. துரைசாணிக்கு எது என்னவென்று தெரியாது. விற்கிறவர்களின் இளிப்புதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. லோகநாதன் ஒவ்வொருவனிடமும் தனியாக விரலைக் காட்டித் தன் பங்கைப் பேசிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர ஒன்றும் செய்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் காரை மண்ணூர்பேட்டைப் பக்கம் திருப்பச் சொன்னான். ஊரார் பார்க்க, துரையோடு காரில் போய் இறங்க வேண்டுமென்ற ஆசை. ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் இருந்தது வேம்புலியம்மன் கோயில். கூரைக்கு ஓடு, முன்னால் ஒரு சூலம், பக்கவாட்டில் மண் பிள்ளைகளின் வரிசை.

அந்த வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மை கண்ட பிள்ளை பிழைத்தால், அந்தத் தாய் அம்மனுக்கு ஒரு மண் பிள்ளை வைப்பாள். குயவர் வரதன் முழங்கால் உயரத்துக்கு ஒரு பிள்ளை உருவம் பிடித்துக் கொடுப்பார். மண் ஈரமாயிருக்கும்போதே தாய் தனியாக உட்கார்ந்து, வேப்பங்காம்பின் நுனியால், தன் பிள்ளையின் உடம்பில் எங்கெங்கே தழும்பு உண்டோ அங்கெல்லாம் அதன் உடம்பில் குத்துவாள். அதற்குப் பிறகு சூளையில் லேசாகச் சுட்டு, காவியும் சுண்ணாம்பும் பூசி, ஆடி வெள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நிறுத்திய கையை எடுத்த பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. பெற்றவளும் தொடக்கூடாது. பிள்ளை அதைப் பார்க்கக்கூடாது. மழையிலும் வெயிலிலும் அதுவே கரைந்து மண்ணாகவேண்டும். எடுத்தால், அம்மன் விட்டுப்போனதைத் தேடித் திரும்ப வருவாள் என்பது நம்பிக்கை.

கன்னியம்மாள் வைத்த பிள்ளை வரிசையின் கோடியில் நின்றது. கன்னத்தில் இரண்டு, நெற்றியில் ஒன்று, தோளில் நெருக்கமாகப் பல. இடது கண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி மூடியிருந்தாள். அவள் விரல் ரேகை அந்தக் கண்ணின் மேல் இருந்தது.

அன்றைக்கு அந்தப் பொம்மையின் முகத்தில் ஒரு வேப்பஞ்சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. தொடக்கூடாதாகையால், கன்னியம்மாள் ராபினை இடுப்பில் வைத்தபடியே குனிந்து வாயால் ஊதினாள். சருகு அசைந்தது, விழவில்லை. மறுபடி ஊதினாள். விழுந்தது. நிமிர்ந்தபோது துரைசாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கேப்டனுக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது. மகன் படிப்புக்கு நேரமாகிறது, இந்த நாட்டில் இனி யாருக்கு என்ன வேலை என்றெல்லாம் மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பங்களாவில் மரப்பெட்டிகள் வந்து இறங்கின. வாங்கிய சாமான்களை வைக்கோல் சுற்றி அடுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை கன்னியம்மாளுக்கு அரை நாள் லீவு. ஆவடியில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கி நடந்து வருவாள். வசந்தா இருந்தது லோகநாதன் வீட்டில், அவன் மனைவி எல்லம்மாவின் பராமரிப்பில். அந்த வெள்ளிக்கிழமை எல்லம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வசந்தா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பார்வையுள்ள வலது கண் பழம்போலச் சிவந்து வீங்கியிருந்தது. பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் கத்தியதாகவும், நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டியதாகவும் எல்லம்மா சொன்னாள்.

வசந்தா அம்மாவின் குரல் வந்த திசைக்குக் கையை நீட்டினாள். அந்தக் கை கன்னியம்மாளின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் தடவியது.

கன்னியம்மாள் அங்கே உட்காரவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனாள். வரிசையின் கோடியில் இடம் காலியாக இருந்தது.

பூசாரி ஜம்புலிங்கம் கர்ப்பக்கிருகப் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆடு முட்டி உடைந்துவிட்டதென்றும், சில்லுகளை ஏரியில் போட்டுவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து சாராயம் அல்லாத வேறொரு நெடி வந்தது. அந்த நெடி அவளுக்குத் தெரியும். மெஸ்ஸின் பின்புறம் வீசுகிற ரம் நெடி. அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஒரு சில்லுகூட இல்லை. பொம்மை நின்ற தடம் சதுரமாக, ஓரம் உடையாமல் இருந்தது. ஆடு முட்டியிருந்தால் அப்படி இருக்காது. தூக்கி எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை ராபினைத் தொட்டியில் உட்காரவைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது தண்ணீர் சிவந்திருந்தது. பையனுக்கு எங்கேயோ வெட்டிவிட்டதென்று பாய்ந்து போய்த் தூக்கினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மடியில், தண்ணீருக்குள், மண் பிள்ளை. பெட்டியிலிருந்து இழுத்து வந்திருக்கிறான். வைக்கோல் தரையெல்லாம் சிந்திக்கிடந்தது. காவி கரைந்து தண்ணீரில் பரவியது. மூடிய கண் மட்டும் மூடியபடியே இருந்தது.

ராபின் அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். பொம்மையைக் காட்டினான். மறுபடி சிமிட்டினான். பொம்மை அவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறதாம். சத்தம் கேட்டு வந்த துரைசாணியும் சிரித்தாள், பையனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவர்களுக்குள் அது பழகிப்போன விளையாட்டு என்று தெரிந்தது.

கன்னியம்மாள் பொம்மையை வெளியே எடுத்தாள். தொடக்கூடாதது. அவள் கையெல்லாம் சிவப்பு வழிந்தது. சோப்பு நுரையும் பையனின் அழுக்கும் அந்த முகத்தில் இறங்கின. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது துரைசாணிக்கு வேறு விதமாகப் பட்டிருக்க வேண்டும். பொம்மையைச் சுட்டினாள், பிறகு கன்னியம்மாளைச் சுட்டினாள். உதட்டைக் குவித்து, மெதுவாக, இரண்டு முறை ஊதிக் காட்டினாள். "ஆயா லைக்" என்றாள்.

கன்னியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ பொம்மைகளுக்கு நடுவில் இதையே கேட்டு வாங்கியதற்குக் காரணம் தான் ஊதியதுதான். ஆயாவுக்குப் பிரியமானது என்று, அவள் நினைவாகக் கூடவே சீமைக்குக் கொண்டுபோகிறார்கள். துரைசாணியைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கொடுத்தவர்களை நினைத்தபோதுதான் காறித் துப்பத் தோன்றியது.

லோகநாதன் மெஸ்ஸின் பின்பக்கம் எச்சில் தட்டுகளை வழித்துக்கொண்டிருந்தான். கடித்துப்போட்ட எலும்பும் உறைந்த கொழுப்புமாக வாளி நிறைந்திருந்தது. கன்னியம்மாள் எட்டியே நின்றாள்.

"பொம்மைய எட்த்துகினு போய் இருந்த எடத்துல வச்சிரு, லோகு."

"எந்தப் பொம்மை?" என்றான். பிறகு அவனே பேசினான். "அண்ணி, அங்க அத்தினி கீது. ஒண்ணு போனா இன்னா ஆயிடும்? மண்ணுதானே. வரதன்கிட்ட சொன்னா நாளைக்கே வேற புட்ச்சிக் குடுப்பாரு."

"யாரோடதுன்னு தெரியாம எடுத்தீங்களா?"

"நா எங்க எட்த்தேன்? பூசாரி எட்த்துக் குடுத்தாரு. அம்மனுக்கு வெளக்கேத்த மண்ணெண்ணெ இல்ல, ரேசன்ல ஒரு சொட்டு குடுக்கறதில்லன்னு அழுதாரு. ஒரு டின்னு குடுத்தேன். சாமிக்குத்தானே போச்சி."

"அவரு வாயில அடிச்சது மண்ணெண்ணெ வாட இல்ல."

லோகநாதன் சிரித்தான். சிரித்த வேகத்தில் வாய் வழுக்கிவிட்டது. "நா வேறதான் எட்க்கச் சொன்னேன். துரைசாணி இத்தத்தான் கேக்குது. பூசாரிதான் சொன்னாரு, பரவால்ல, வந்து கேக்கறதுக்கு ஆம்பள இல்லாத ஊடுதானேன்னு."

கன்னியம்மாள் அவனைப் பார்த்தாள். ஆனந்தனோடு கூடப்பிறந்தவன். அதே மூக்கு, அதே காது.

"அப்ப நீ யாரு?" என்றாள்.

அவன் தட்டுத் துடைக்கும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். குரல் மாறியது. போகிற நேரத்தில் துரையிடம் போய் எதையாவது உளறினால் இரண்டு பேருக்கும் நல்ல சர்டிபிகேட் கிடைக்காது என்றான். அடுத்த துரையிடம் அவளை யார் சேர்த்துவிடுவார்கள் என்று கேட்டான். கடைசியாக, மெதுவாகச் சொன்னான்: "ஒம் பொண்ணு எங்கூட்லதான் துன்னுது அண்ணி. அத்த மறந்துடாத."

அன்று சாயங்காலம் அவள் சோறு ஆக்கவில்லை. முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். காவி நகக்கண்ணில் தங்கியிருந்தது. பெட்டிகள் திங்கட்கிழமை ரயிலுக்குப் போகின்றன. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் பால், குளியல், தூக்கம், செருப்பு ஆகியவை. அதை வைத்துக்கொண்டு அம்மையை எப்படிச் சொல்வது, நேர்ந்துகொண்டதை எப்படிச் சொல்வது? மொழிபெயர்க்க இருப்பவன் லோகநாதன் ஒருவன். அவன் வாயில் போனால் அது இன்னொரு மைல்கல் கதையாகத்தான் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரயிலேறி ஊருக்கு வந்தாள். வசந்தாவை எழுப்பித் தலைசீவினாள். வீங்கிய கண்ணோடு வெயிலில் எங்கே கூட்டிப்போகிறாய் என்று எல்லம்மா கேட்டாள். கன்னியம்மாள் நடந்ததைச் சொன்னாள், லோகநாதன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு, இந்தக் குழந்தைக்கு இனி இந்த வீட்டில் இடமுண்டா என்று கேட்டாள்.

எல்லம்மா எழுந்துபோய் அடுப்பங்கரை மூலையிலிருந்த மண்ணெண்ணெய் டின்னைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பூசாரிக்குப் பாதிதான் போச்சி அக்கா. மீதி இங்க கீது. ரெண்டு நாளா இத்த ஊத்தித்தான் வெளக்கேத்தனேன். அந்த வெளிச்சத்துலதான் இவளுக்குக் கண்ணு தொடச்சி உட்டேன்." ஒரு துணியை நனைத்துப் பிழிந்து வசந்தாவின் கண்மேல் கட்டினாள். "இட்டுகினு போ. அவர நான் பாத்துக்கறேன்."

பங்களா வராந்தாவில் துரைசாணி பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். ராபின் பொம்மையை நெஞ்சோடு அணைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தான். அதைப் பெட்டியில் வைக்க அவன் விடவில்லை போலிருக்கிறது. கன்னியம்மாள் வசந்தாவை அவன் எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். ஈரத்துணியை அவிழ்த்தாள். வெந்நீரில் கழுவி வந்திருந்ததால் வலது கண் ஒரு கீற்று திறந்தது. அவ்வளவுதான் செய்தாள். 

வசந்தா பொம்மையை உற்றுப் பார்த்தாள். "யம்மா, இதுக்கும் என்னாட்டமே கீது" என்றாள்.

ராபின் அவளைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் விளையாட்டில் இன்னொருத்தி சேர்ந்துவிட்டாள் என்று அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். வசந்தாவும் குழந்தைதானே. அவன் செய்ததைத் திருப்பிச் செய்தாள். திறந்திருந்த ஒரு கண்ணையும் மூடினாள். பீளையில் இமை ஒட்டிக்கொண்டது. மறுபடி திறக்க வரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சிரித்தபடியே, படியில் கால் தடவினாள்.

துரைசாணியின் கை வாய்க்குப் போயிற்று. அவள் வசந்தாவின் கன்னத்தைப் பார்த்தாள், பொம்மையின் கன்னத்தைப் பார்த்தாள். இரண்டு தழும்பு. நெற்றியில் ஒன்று. கீழே மண்டியிட்டு உட்கார்ந்து, பையன் கையிலிருந்து பொம்மையை வாங்கினாள். அவன் அழுதான். அவள் அவனைச் சமாதானம் செய்யவில்லை. தன் வெள்ளைத் துண்டை எடுத்து, குழந்தையைச் சுற்றுவதுபோலத் தலையிலிருந்து சுற்றிக் கன்னியம்மாளிடம் கொடுத்தாள். என்னவோ சொன்னாள். கன்னியம்மாளுக்குச் சொற்கள் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாள் தன் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். அது என்னவென்று கன்னியம்மாளுக்குத் தெரியும்.

அன்று பிற்பகல் அவள் மண்ணூர்பேட்டைக் கோயிலுக்குப் பொம்மையோடு வந்தாள். எல்லம்மாவும் வசந்தாவும் கூட வந்தார்கள். பார்க்கக்கூடாத பிள்ளை பார்த்தாகிவிட்டது, இனி எதற்கு ஒளிப்பது? நாலைந்து பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டார்கள். குளியல் தொட்டி வரை நடந்ததை எல்லம்மா அவர்களிடம் சொன்னாள். ஜம்புலிங்கம் துண்டைப் பிரித்துப் பார்த்தார். ஆடு முட்டிய கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை. வேறொன்றை எடுத்தார்.

"இத்த உள்ள வைக்க முடியாது கன்னிம்மா. வெள்ளக்காரன் குளிச்ச தொட்டியில கெடந்து பொரண்ட பொம்ம. தீட்டாச்சி. அம்மன் பக்கத்துல வச்சா ஊருக்கு ஆவாது. வேற ஒண்ணு பண்ணிகினு வா, பரிகாரம் பண்ணி வச்சிரலாம்."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி ஆமாம் என்பதுபோல் முனகினாள். அருவருப்புக்காரி கன்னியம்மாளே இதை ஒப்புக்கொள்வாள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

"அந்தத் தொட்டித் தண்ணி அழுக்குதான் பூசாரி" என்றாள் கன்னியம்மாள். "தெனமும் மொண்டு ஊத்தினவ நான். எனக்குத் தெரியாததில்ல. அது கொழந்த ஒடம்பு அழுக்கு. தண்ணிய ஊத்தினா பூடும்."

அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். ஜம்புலிங்கம் அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார். பிறகு வழியை விட்டு விலகினார். வேண்டுமானால் வைத்துக்கொள் என்று ஏதோ சொன்னார்.

அவள் வைக்கவில்லை. வரிசையின் கோடியில் அந்தச் சதுரத் தடம் இன்னும் அப்படியே இருந்தது. அதற்கு அருகே அவர் உட்காரும் படி, அவர் துப்பிய வெற்றிலைச் சாறு, விளக்கிலிருந்து வந்த மண்ணெண்ணெய் நெடி. அம்மன் முகத்தில் அந்த விளக்கின் கரி ஏறியிருந்தது. கன்னியம்மாளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அந்த வரிசையில் இன்னொரு முறை தன் பிள்ளையை நிறுத்த அவளால் முடியாது.

பொம்மையைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறினாள். கோயிலுக்கு அப்பால், மதகைத் தாண்டி ஒரு வேப்பங்கன்று நின்றது. எல்லம்மா கையாலேயே மண்ணைப் பறித்தாள். கன்னியம்மாள் ஏரித் தண்ணீரை மொண்டு பொம்மையின் தலையில் ஊற்றினாள். சோப்பும் காவியும் போய் வெறும் மண் நிறம் வந்தது. கிழக்குப் பார்த்து நிறுத்தி, கையை எடுத்தாள்.

வசந்தாவின் கண் இரண்டு மூன்று நாளில் தெளிந்தது. நந்தியாவட்டைதான் என்றாள் எல்லம்மா. அம்மன் என்றது ஊர். கன்னியம்மாள் இரண்டையும் மறுக்கவில்லை. அவள் ஆவடிக்கு மறுபடி போகவில்லை. கேப்டன் வீட்டுச் சர்டிபிகேட் லோகநாதன் கைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. ரோடு போடுகிற இடத்தில் கல் சுமந்தாள். பிறகு ஒரு எண்ணெய்ச் செக்கில் எள் புடைத்தாள். வசந்தாவை எல்லம்மா வெளியே அனுப்பவில்லை. லோகநாதன் ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தான்; அவன் மனைவி ஒரு வாரம் அவனுக்கு விளக்கு ஏற்றாமல் இருந்தாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. கன்னியம்மாள் அவனோடு சண்டை போடவில்லை. அவன் தொட்டுக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டதும் இல்லை. பல வருஷம் கழித்து அவன் மகள் கல்யாணத்தில் எல்லா வேலையும் செய்துவிட்டு, பந்தியில் அவன் பரிமாறிக்கொண்டு வந்தபோது இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

பொம்மை திரும்பி வந்த அந்த வருஷத்து ஆடியில் பெண்கள் கூழ் ஊற்ற வந்தார்கள். பூசை முடிந்து ஜம்புலிங்கம் திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்தார். ஒவ்வொருத்தியும் கையை நீட்டினாள். கன்னியம்மாள் முன் வந்ததும் அவர் விரலில் நீற்றை அள்ளிக்கொண்டு நின்றார். அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் காத்திருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் நகர்ந்து அடுத்தவளிடம் போனார். அது எல்லம்மா. அவளும் கையை நீட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கன்னியம்மாள் மதகுப் பக்கம் போனாள். வேப்பங்கன்றின் அடியில் அவள் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு மண் பிள்ளை நின்றது. யார் வைத்தது என்று தெரியவில்லை. அதன் முழங்காலில் மட்டும் தழும்புகள் குத்தப்பட்டிருந்தன. அதன் தலையில் ஒரு சருகு விழுந்திருந்தது. அவள் குனிந்து ஊதப் போனாள். ஊதுவதற்கு முன் நிமிர்ந்து, கரையில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.